மஞ்சள் கோட்டில் நின்ற பிஸ்கட் குடும்பம்

நான் எழுதியதைக் கொழும்பில் தினமும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். வாசிக்கிறார்களா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டு என் மனதைப் புண்படுத்த வேண்டாம். வீதியோரத்தில் மாடி உயரத்துக்கு நிற்கும் விளம்பரப் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். நடுவில் ஒரு சிரித்த முகம். முகத்துக்கு மேலே சிங்களம், முகத்துக்குக் கீழே ஆங்கிலம், வலது பக்க மூலையில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி தமிழ். அந்த எறும்பு வரிசைக்குப் பொறுப்பு நான்.

எங்கள் விளம்பரக் கம்பனியின் கந்தோர் கொட்டாஞ்சேனையில், ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒருநாளும் தவறமாட்டார். மற்ற நாட்களில் புதிய தொழில்நுட்பத்தை விசுவசிப்பவர். இரண்டிலும் ஒரே அளவு பக்தி. எது வந்தாலும் முதலில் மண்டியிட்டுவிட்டுப் பிறகுதான் என்னவென்று விசாரிப்பார்.

என் கணவர் வங்கியில் வேலை பார்த்து இளைப்பாறியவர். அவருடைய பக்தி முழுவதும் எங்கள் பழைய ஜப்பான் காரில் இருந்தது. வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனை வரை என்னைக் காலையில் கொண்டுபோய் இறக்கிவிடுவது அவர்தான். காலி வீதியால் போய்க் கோட்டை, புறக்கோட்டை கடக்கும்வரை, குறுக்கே வந்த எல்லோரையும் அவரவர் தாய்மொழியிலேயே திட்டுவார். நாட்டின் மும்மொழிக் கொள்கை ஒழுங்காக நடைமுறையில் இருந்த ஒரே இடம் எங்கள் காரின் முன்சீட்டு என்றுதான் நினைக்கிறேன்.

வழியெல்லாம் என் பலகைகள் நின்றன. ஒன்றைக்கூட அவர் வாசித்ததில்லை.

"வாகனம் ஓட்டுறவன் ரோட்டைப் பாக்கவேணும்," என்பார். "விளம்பரப் போட்டைப் பாத்தால் லைட் போஸ்டிலதான் போய் முட்டவேணும்."

ஒருநாள் வெள்ளவத்தைச் சந்தையடியில் ஓர் ஓட்டோவை உரசிவிட்டார். ஓட்டோக்காரர் இறங்கி வந்து சிங்களத்தில் தொடங்கினார். இவரும் வழமை போல அதே மொழியில் பதில் சொல்வார் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். ஆனால் இவர் தமிழில், "நான் உன்னைக் காணவே இல்லை," என்று மட்டும் சொன்னார்.

"காணேல்லையா? அங்கிள், நான் அங்க சந்தியில இருந்து உங்களுக்குப் பக்கத்திலயே வாறன்," என்று ஓட்டோக்காரரும் தமிழுக்கு மாறினார். கோபம் இறங்கி அவர் குரலில் வேறு ஏதோ வந்திருந்தது. இவர் அவரையும் உரசுப்பட்ட இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு வரும்வரை ஒருவரையும் திட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

கண் டொக்டர் நிறைய விளக்கங்கள் சொன்னார். கண்ணுக்குள்ளே அமுக்கம் கூடி, பக்கத்துப் பார்வை போய்விட்டது. போனது போனதுதான், இனிப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. வாகனம் ஓட்டக் கூடாது. விளம்பரத் தொழிலில் இருப்பவளுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்: நகரத்தின் வீதியோரப் பலகைகள் எல்லாம் என் கணவருக்கு இல்லாமலே போய்விட்டன.

அதற்குப் பிறகு நான் மட்டக்குளி பஸ்ஸில் போகத் தொடங்கினேன். அவர் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்றார். ஓட்டோவிலும் ஏறமாட்டார். காலையில் எழும்பி, குளித்து, சேர்ட் போட்டுக்கொண்டு மாடிவீட்டின் கீழே போவார். நிறுத்தியிருக்கும் காருக்குள் ஏறி இயந்திரத்தை உயிர்ப்பித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருப்பார். கேட்டால், "பற்றரி இறங்கிப் போயிடும்," என்பார். பற்றரியைப் பற்றி மட்டுமே கவலைப்படும் ஒருவருக்கு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டிய தேவை என்னவென்று நான் கேட்கவில்லை.

பிறகு போனில் ஒரு புதிய நம்பிக்கையைக் கண்டுபிடித்தார்.

"இஞ்சரும், இதைப் பாரும். தானே ஓடுற கார். அமெரிக்காவில ஆக்கள் பின்னால இருந்து நித்திரை கொண்டுகொண்டு போகினம்."

"சந்தையடியில அது எப்பிடி ஓடுமாம்? வாழைக்குலை வண்டில், பிளாஸ்டிக் வாளி, நடு ரோட்டில நிண்டு கதைக்கிற சனம். அமெரிக்காக் கார் அழுதுபோடும்."

"அதுக்குச் சுத்திவரக் கண் இருக்கு," என்றார்.

நான் தேத்தண்ணி போடுவதற்குக் குசினிக்குள் போய்விட்டேன்.

இந்தக் காலத்தில்தான் எங்கள் முதலாளி சிங்கப்பூரில் ஏதோ மாநாட்டுக்குப் போய், எதிர்காலத்தைத் தரிசித்துவிட்டுத் திரும்பினார். வந்த கையோடு எங்களை எல்லாம் கூட்டி இருத்திப் படம் காட்டினார். படத்தில் வந்த காருக்குள் இருக்கைகள் ஒன்றையொன்று பார்த்திருந்தன. ஒருவர் படுத்திருந்தார். ஒருவர் பால்கோப்பி குடித்தார். வெளியே பார்க்க ஒருவருமில்லை. கண்ணாடியெல்லாம் சினிமாத் திரையாகிவிட்டிருந்தது.

"மிஸ், இனி ரோட்ட யாரு பாக்கப் போறாங்க?" என்று என்னைக் கேட்டார். "டிரைவரே இல்லாட்டி போட் யாருக்கு?"

மரணத்தை அறிவித்துவிட்டு உடனே உயிர்த்தெழுதலையும் அறிவிப்பது அவருடைய பழக்கம். அடுத்த படத்தில் பலகைகள் உயிர்த்தெழுந்தன. காருக்குள் இருப்பவர் யாரென்று பலகைக்குத் தெரியுமாம். பசியோடு போகிறவருக்குப் பிரியாணியும் தலையிடியோடு போகிறவருக்கு மாத்திரையும் காட்டுமாம். அதற்கும் அடுத்தது இன்னும் அதிசயம். கடைக்காரரே பயணக் கூலியைக் கொடுத்துவிடுவாராம். கார் உங்களை இலவசமாக ஏற்றி, போகிற வழியில் அந்தக் கடை வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகுமாம்.

"சேர், இது எங்கட ஊருக்கு எப்பவோ வந்திட்டுது," என்றேன். "காலிமுகத் திடலில ஒரு வெள்ளைக்காரர் ஓட்டோவில ஏறட்டும். அவர் எங்க போகச் சொன்னாலும் அது முதல்ல இரத்தினக்கல் கடைக்குத்தான் போகும்."

சிரித்தது நான் ஒருத்திதான். "மிஸ், இது சிரிக்கிற விசயம் இல்ல," என்றார் முதலாளி. "நீங்க பஸ்ஸுல போற ஆள்தானே, ஜனங்க இப்ப எங்க பாக்கிறாங்கன்னு ஒரு ரிப்போட் எழுதித் தாங்க."

நான் மனச்சாட்சிப்படி எழுதிக் கொடுத்தேன். இருந்தவர்கள் போனைப் பார்த்தார்கள். நின்றவர்களுக்குப் பக்கத்தில் நின்றவரின் கக்கத்தைத் தவிர வேறு காட்சி கிடைக்கவில்லை. கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று எங்களை முன்னுக்குத் தள்ளுவதிலேயே குறியாக இருந்தார். கொள்ளுப்பிட்டி நெரிசலில் வாகனம் அசையாமல் நிற்கும்போது எங்கள் பலகைகளை அண்ணாந்து, வாய் அசைய, எழுத்துக்கூட்டி வாசித்த ஒரே மனிதர் பஸ் சாரதிதான். எங்கள் தொழிலின் கடைசி விசுவாச வாசகர் அவர். எதிர்காலம் முதலில் இறக்கிவிடப் போவதும் அவரைத்தான்.

முதலாளி அறிக்கையை மெச்சினார். வாசிக்கவில்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது.

சில வாரங்களில் எதிர்காலம் பேலியகொடைக்கு வந்தது. சாரதியில்லா வாகனம் ஒன்றைத் தருவித்திருந்த ஒரு தனியார் கம்பனியோடு முதலாளி கைகோர்த்துக்கொண்டார். அங்கே ஒரு பெரிய பண்டகசாலை வளவில், உள்வீதியில் வாகனம் ஓடும். வீதியின் இருபுறமும் எங்கள் புதுமாதிரிப் பலகைகள் நிற்கும். வாடிக்கையாளர்கள் ஏறிப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போடுவார்கள். காற்று மாறினால் மீன் சந்தை வாசமும் வரும் என்பதை அழைப்பிதழில் போடவில்லை.

எதிர்காலத்துப் பயணி சாய்ந்து படுத்திருப்பார் என்பதால் பலகைகள் உயரத்தில் இருக்கக் கூடாது, கண்மட்டத்தில், நிலத்தோடு நிற்க வேண்டும் என்று முதலாளி கட்டளையிட்டார். வளவின் வளைவில், வருகிறவருக்கு நேர் எதிரே, ஒரு பிஸ்கட் கம்பனியின் பலகை நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் ஆளளவு. கையில் ஆளுக்கொரு பிஸ்கட். வீதியைக் கடக்கும் மஞ்சள் கோட்டில் ஒரு கால் எடுத்து வைத்த மாதிரிப் படம். அந்தப் பிஸ்கட்டைத் தமிழ்ச் சனம் கூடுதலாக வாங்குவதால், என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழ் நடுவில், பெரிதாக வந்திருந்தது: 'அவசரம் என்ன? பிஸ்கட் ஒன்று சாப்பிட்டுவிட்டு போகலாமே!'

என் கணவர் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நீளக்கைச் சேர்ட் மினுக்கிப் போட்டு, சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டு, பெண் பார்க்கப் போகிறவர் போல வந்தார். ஓட்டோவில்தான் வந்தோம், அன்றைக்கு மட்டும் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. பார்வையாளராக ஓரத்தில் நிற்பதுதான் ஏற்பாடு. ஆனால் வாகனத்தில் ஏறவேண்டிய நான்கு பேரில் ஒருவர் வந்து சேரவில்லை. களனிப் பாலத்து நெரிசலில் அகப்பட்டுவிட்டாராம். பயணத்தின் எதிர்காலத்தைப் பார்க்க வந்தவரைப் பயணத்தின் நிகழ்காலம் பிடித்து வைத்துவிட்டது.

"மிஸ், உங்க ஹஸ்பண்ட ஏத்துங்க," என்றார் முதலாளி. "சீட் காலியா இருந்தா போட்டோவுல நல்லா இருக்காது."

அவர் ஏறினார். முன்பக்க இருக்கை. எதிரே ஸ்டியரிங் இல்லை; கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் வாகனக் கம்பனியின் இளம் பொறியியலாளர், மடியில் சிறு திரையோடு. பின்னால் பிஸ்கட் கம்பனியின் முகாமையாளர் அம்மணியும் ஒரு பெரிய மனிதரும். அவர் எந்த வகையில் பெரியவர் என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவர் வந்தபோது எல்லோரும் எழும்பி நின்றதால் நாங்களும் நின்றோம்.

வாகனம் சத்தமில்லாமல் புறப்பட்டது. கை தட்டினோம். முதலாவது பலகையைக் கடந்தது, இரண்டாவதைக் கடந்தது. வளைவுக்கு வந்தது. நின்றது.

நிற்பதும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து இன்னொரு தடவை கை தட்டினோம். அது நின்றுகொண்டே இருந்தது. என் போன் அடித்தது.

"இஞ்சரும், இது ஏன் நிக்குது?" என்றார் என் கணவர்.

"எனக்கென்ன தெரியும்? பக்கத்தில இருக்கிற தம்பியைக் கேளுங்கோ."

"கேட்டனான். மஞ்சள் கோட்டில நாலு பேர் நிக்கினமாம், அவை கடந்து முடியும்வரைக்கும் எடுக்காதாம். திரையில நாலு ஆள் தெரியுது." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தருமில்லையப்பா. அது உங்கட போட்."

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. கொழும்பில் மஞ்சள் கோட்டில் காத்திருந்து எனக்குத் தலை நரைத்திருக்கிறது. ஒரு பஸ், ஒரு கார், ஒரு சைக்கிள்கூட எனக்காக நின்றதில்லை. இந்தப் பிஸ்கட் குடும்பத்துக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

உள்ளே இருந்த பொறியியலாளர் வேர்த்து வழிந்தார். அது படம் என்று அவருக்குத் தெரியும். வாகனம் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே முதலாளி பொறுக்கமுடியாமல் ஓடிப்போய்ப் பலகைக்கு முன்னால் நின்று, பொலிஸ்காரர் போல இரண்டு கையாலும் "வா, வா" என்று காட்டினார்.

"இப்ப அஞ்சு பேர்," என்றார் என் கணவர் போனில்.

முதலாளியை விலக்குவதற்குப் போட்டோக்காரர் போனார். "ஆறு." இருவரையும் கூப்பிட இரண்டு வேலையாட்கள் போனார்கள். என் கணவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று மூச்சிலேயே தெரிந்தது. அவர் கடைசியாகச் சிரித்தது எப்போதென்று எனக்கு ஞாபகம் வரவில்லை. பின்சீட்டுப் பெரிய மனிதர் மணிக்கூட்டைப் பார்ப்பது கண்ணாடியால் தெரிந்தது. அவருக்கு முன்னால் என் வரி மட்டும் கொட்டை எழுத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது, அவசரம் என்ன என்று.

"இஞ்சரும்," என்றார் திரும்பவும். "உம்மட வசனத்தை இப்பதான் முழுசா வாசிச்சன்."

இத்தனை வருடத்தில் முதல் தடவை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "எப்பிடி இருக்கு?"

"'சாப்பிட்டுவிட்டு'க்குப் பிறகு 'ப்' வரவேணுமெல்லோ?"

"நான் போட்டனான். இடம் காணாதெண்டு அச்சடிச்சவங்கள் எடுத்திட்டாங்கள்."

"எடுக்க விட்டிருக்கக் கூடாது," என்றார் கண்டிப்பாக.

அந்தக் குடும்பத்தை மறைத்தால் போதும் என்று எனக்குப் பட்டது. மறைக்கிற அளவுக்குப் பெரிய துணி வளவில் ஒன்றுதான் இருந்தது. வாசலில் மும்மொழியிலும் கட்டியிருந்த வரவேற்புப் பதாகை. நானும் வேலையாட்களும் அதை அவிழ்த்துக் கொண்டுபோய், அப்பா அம்மா பிள்ளைகள் எல்லோரையும் தலையோடு மூடினோம். எல்லோரும் விலகி நின்றோம். வாகனம் ஒரு தடவை யோசித்தது. பிறகு 'எதிர்காலம் வந்துவிட்டது' என்ற எழுத்துகளுக்கு முன்னால் மெதுவாக வளைந்து போனது.

திரும்பிப் போகும்போது ஓட்டோவுக்குள் அவர் கைகளை முழங்காலில் வைத்தபடியே இருந்தார். ஏமாந்துபோனார் என்று நினைத்து நான் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். இன்னும் கொஞ்சக் காலத்தில் அந்த வாகனத்துக்கும் படம் எது ஆள் எது என்று படிப்பித்துவிடுவார்கள் என்றேன்.

"படிப்பிப்பினம்," என்றார். "அதெல்லாம் வரும். ஆனால் இண்டைக்கு அதுக்கு விளங்காதது எனக்கு விளங்கினது. என்ர கண் அவ்வளவுக்கு மோசமில்லை." பிறகு, "இனிப் பற்றரிக்குக் காவல் இருக்கத் தேவையில்லை. காரைக் குடுத்திடுவம்," என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டோக்காரர் வேறொரு ஓட்டோவைப் பக்கவாட்டில் வெட்டி முந்தினார். அது என் கணவருக்குத் தெரியாமல் போனது அந்த ஓட்டோக்காரரின் அதிர்ஷ்டம்.

காரைத் தெஹிவளையில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் வாங்கியது. காரின் குணங்குறைகளை எல்லாம் என் கணவர் பெட்டையைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் போல விளக்கினார். மழைக்கு இயந்திரம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதட்டக் கூடாது என்றார். அந்த வீட்டுக்காரரும் பொறுமையாகக் கேட்டு, "நாங்க நல்லாப் பாத்துக்கொள்ளுவோம், நானா," என்று இவரைத் தன் அண்ணனாக்கிவிட்டுக் காரைக் கொண்டுபோனார். அன்று முழுவதும் இவர் மாடியில் இருந்து கீழே வெறுமையாய்க் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தநாள் காலை சேர்ட் போட்டுக்கொண்டு நேரே என்னோடு பஸ் தரிப்பிடத்துக்கு வந்தார்.

கந்தோரில் நாங்கள் துக்கம் அனுட்டிக்கத் தயாராக இருந்தோம். ஆனால் பிஸ்கட் கம்பனி அம்மணி தொலைபேசியில் நன்றி சொன்னார். அந்தப் பெரிய மனிதர் போகிற இடமெல்லாம் பிஸ்கட் கதையைத்தான் சொல்கிறாராம். முதலாளிக்கு மறுபடி தரிசனம் கிடைத்துவிட்டது.

"மிஸ், எந்த விளம்பரத்த ஒருத்தன் அவ்வளவு நேரம் பாத்திருக்கான்?" என்றார். "இனி எல்லாப் போட்டுலயும் ஆக்கள் ரோட்டக் கடக்கணும். ஒவ்வொரு வளைவுலயும்."

வாகனக் கம்பனிப் பொறியியலாளர் இதைக் கேள்விப்பட்டு நேரிலேயே வந்து, தயவுசெய்து படத்தில் இருப்பவர்களை இடுப்புக்குக் கீழே காட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டார். கால் இல்லாவிட்டால் அவர்கள் கடக்கமாட்டார்களாம். முதலாளி பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். இப்போது எங்கள் பலகைகளில் எல்லோரும் இடுப்போடு முடிந்துவிடுகிறார்கள். எனக்கும் பதவி உயர்வு கிடைத்தது. எதிர்காலப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பிரிவில் வேறு ஆள் கிடையாது. தமிழ் வரி பழையபடி மூலைக்குப் போய்விட்டது. 'ப்' இன்னும் கிடைக்கவில்லை.

இவர் முதலில் என்னோடு வந்து என்னோடு திரும்பினார். ஜன்னலோரம் அவருக்குப் பிரயோசனமில்லை என்பதால், சாரதிக்குப் பக்கத்தில் முன் கண்ணாடியைப் பார்த்த இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மும்மொழித் திட்டும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பிறகு ஒருநாள், நான் நேரத்தோடு கந்தோருக்குப் போய்விட, பின்னால் தனியாக வருகிறேன் என்றார். கொட்டாஞ்சேனைத் தரிப்பிடத்தில் நான் காத்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது; போனது. அவர் இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எங்க நிக்கிறியள்?" என்று கத்தினேன்.

"மட்டக்குளியில. பஸ் முடியிற இடத்தில."

"ஏன் இறங்கேல்ல? தரிப்பிடம் தெரியேல்லையே?"

"அது தெரிஞ்சது. டிரைவரோட கதைச்சுக்கொண்டிருந்தன், முடிக்காமல் எப்பிடி இறங்கிறது? அவற்ர மகளுக்குக் கலியாணம் பேசுகினமாம்." பின்னால் யாரோ சிங்களத்தில் ஏதோ சொல்ல, இவர் சிரித்துப் பதில் சொன்னார். "பிளேன்டீ குடிக்கிறம். இஞ்ச நல்ல காத்து. நீர் போய் வேலையைப் பாரும், நான் ஆறுதலா வாறன்."